பூட்டுன வீட்டுல கேமரா தானா திரும்புது, ஹேக்கிங்கா?

5 டிசம்பர் 2025, கேள்வி

எங்க வீடு கானாடுகாத்தான் பக்கம். நாங்க சென்னையில, அண்ணன் சிங்கப்பூர்ல. வருஷத்துல மிஞ்சிப்போனா இருபது நாள் வீடு திறந்திருக்கும், மத்த நாளெல்லாம் பூட்டுதான். போன வருஷம் எட்டு கேமரா போட்டோம். வளவுல (நடு முற்றத்துல) இருக்கிற சுத்துற கேமரா ராத்திரி தானா திரும்புது. நான் திருப்பல, அண்ணனும் இல்லங்கறாரு. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு பட்டாலையப் (வளவ ஒட்டுன திண்ணைய) பாத்துக்கிட்டு இருந்துச்சு, விடிஞ்சு பாத்தா மேல கூரையப் பாக்குது. சைனாக்காரன் உள்ள பூந்துட்டான்னு மச்சான் சொல்றாரு. கழட்டிரவா?

5 டிசம்பர், ராத்திரி

கழட்டாதீங்க. பாஸ்வேர்ட மாத்துங்க. போட்டுக் குடுத்தவங்க வச்ச பாஸ்வேர்டே இன்னும் இருக்குன்னு நூத்துக்குத் தொண்ணூறு எனக்குத் தெரியும். காரைக்குடியில பதினாலு வருஷமா இதே பொழப்பு, கேமரா, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பாக்கறேன். மிச்சத்த நாளைக்கு எழுதறேன், இப்ப கரண்டு இல்ல, போன்ல தட்டறேன்.

6 டிசம்பர்

சைனாக்காரன் விஷயத்த முதல்ல முடிச்சிருவோம்.

2016-ல மிராய்னு வைரஸ் மாதிரி ஒரு புரோகிராம் வந்துச்சு. பெரிய மூளையெல்லாம் கெடையாது அதுக்கு. நெட்ல திறந்து கெடக்கிற கேமரா, டிவிஆர் (கேமரா படத்தப் பதியற பெட்டி), ரவுட்டர் ஒவ்வொன்னையும் தட்டிப் பாக்கும், கையில அறுபது சொச்சம் யூசர்நேம் பாஸ்வேர்ட் ஜோடி வச்சிருக்கும், எல்லாமே கம்பெனி போட்டு அனுப்புனது, அட்மின் அட்மின், ரூட் 12345 இப்படி. தெறந்துச்சுன்னா உள்ள போயிரும். அப்படிச் சேத்த கேமராவெல்லாம் ஒன்னா ஏவி விட்டுத்தான் 2016 அக்டோபர் 21 அன்னிக்கு டின் (Dyn)ங்கற, வெப்சைட் பேர வச்சு அதோட விலாசத்தக் காட்டற கம்பெனிய அடிச்சாங்க, அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கா திறக்கல. மிராய எழுதுனது யாரு தெரியுமா, இருபது இருபத்தோரு வயசுப் பசங்க மூணு பேரு, மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்ல காசு பாக்க ஆரம்பிச்சது. அந்த புரோகிராமையே நெட்ல போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் யார் யாரோ எடுத்து ஓட்டுனாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அது உங்க வளவப் பாக்கவே இல்ல. அதுக்கு உங்க டிவிஆர் ஒரு கூலியாள், அவ்வளவுதான். கேமராவ திருப்பற வேலையெல்லாம் அதுக்கு வேண்டாத வேலை.

படத்தையே பாக்கறவன் வேற ரகம். இந்த வருஷம் பிப்ரவரில குஜராத் ராஜ்கோட்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோட கேமரா படத்த எடுத்து டெலிகிராம்ல வித்துக்கிட்டு இருந்தது வெளிய வந்துச்சே, அங்க பாஸ்வேர்ட் அட்மின்123-ன்னு செய்தி வந்துச்சு. படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடல. பூட்டைப் போட்டுட்டு சாவிய பூட்டுலயே தொங்கவிட்ட கணக்கு.

மூணாவது ரகம் ஒன்னு இருக்கு, வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்ங்கறவன். தேக்குத் தூணு என்ன வெலை போகும்னு பெய்ஜிங்ல இருக்கறவனுக்குத் தெரியாது, பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது: பாஸ்வேர்ட் மாத்தறது, மூணு மாசத்துக்கு ஒருக்கா மறுபடி மாத்தறது, டிவிஆர் சாஃப்ட்வேர் அப்டேட், ரவுட்டர்ல போர்ட் (வெளிய இருந்து நெட் வழியா உள்ள வர்ற வாசல்) திறந்து விட்டிருந்தா மூடறது.

7 டிசம்பர்

மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னேன்ல, வாபஸ். தம்பி மகன் கோயம்புத்தூர்ல இதே துறையில இருக்கான், போன் போட்டு சிரிக்கறான். பெரியப்பா அது பழைய காலம், அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற தர நிர்ணய அமைப்பு 2017-லயே சும்மா சும்மா மாத்தச் சொல்லாதீங்கன்னு எழுதிருச்சுங்கறான். காரணமும் சரியாத்தான் இருக்கு, மாத்தச் சொன்னா மனுஷன் கடைசியில ஒன்னு போடுவான், அடுத்த தடவ ரெண்டு போடுவான். நீளமா ஒன்னு வைங்க, வேற எங்கயும் போடாததா வைங்க, கசிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா மட்டும் மாத்துங்க.

சஞ்சார் சாத்திங்கற அரசாங்க ஆப் பத்தி கேட்டவருக்கு: எல்லாப் புதுப் போன்லயும் கட்டாயம் இருக்கணும்னு சொன்னத 3-ம் தேதியே அரசாங்கம் திருப்பி எடுத்துக்கிச்சு. வேணும்னா வச்சுக்கங்க, உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாக்க நல்லாத்தான் இருக்கு. நாம இன்னும் டிவிஆர்லயே நிக்கறோம், அங்கிட்டுப் போனா திரும்பி வர முடியாது.

9 டிசம்பர்

ஒரு ஆச்சி தனியா கேட்டுருக்காங்க, "பங்காளிக எட்டுப் பேரும் அந்த பாஸ்வேர்ட வச்சிருக்கோம், அது தப்பா தம்பி"ன்னு.

ஆச்சி, தப்பான்னா... இத நான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது.

வெளியூர்க்காரங்களுக்கு: இங்க செட்டிநாட்டுல பெரிய வீடுன்னா பெரும்பாலும் ஒருத்தர் வீடு இல்ல. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நடுவுல வானம் பாத்த வளவு, அதச் சுத்தி ஒவ்வொரு பங்குக்கும் ஒரு உள்வீடு. கல்யாணச் சாமான், வெள்ளி, பழைய பத்திரம் எல்லாம் அந்த உள்வீட்டுக்குள்ள. வளவு மட்டும் எல்லாருக்கும் பொது. முன்ன வாசச் சாவி அந்த வருஷ முறைக்காரர் கையில இருக்கும், முழங்கையில பாதி நீளம் இருக்கும் சில சாவி, இடுப்புல செருக முடியாது, யாரு எடுத்துட்டுப் போனாலும் தெருவுக்கே தெரியும்.

இப்ப வளவுல ஒரு கேமரா மாட்டறோம். அது எட்டு உள்வீட்டுக் கதவையும் பாக்கும். யாரு எப்ப கதவத் தெறந்தாங்க, உள்ள எவ்வளவு நேரம் இருந்தாங்க, வெளிய வரும்போது கையில என்ன இருந்துச்சு, எட்டுப் பங்குக்காரரும் அவங்கவங்க ஊர்ல படுத்துக்கிட்டே பாக்கலாம். அட்மின் பாஸ்வேர்ட் வாட்ஸாப் குரூப்ல கெடக்கும், மேல பின் பண்ணி வேற வச்சிருப்பாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல (ஊர் சொல்லல) முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் வந்திருக்காங்க, ரெண்டாங்கட்டுல ரெண்டு ஆச்சிமாருக்கு ஒரு பித்தளை அண்டா யாரோடதுன்னு பேச்சு வந்திருக்கு. பெருசா ஒன்னுமில்ல, அஞ்சு நிமிஷம், அப்புறம் ஒன்னா உக்காந்து காப்பி குடிச்சாச்சு. யாரோ ஒருத்தர் அந்த அஞ்சு நிமிஷத்த மட்டும் வெட்டி அனுப்பிட்டாரு. குரூப்ல இருந்து சம்பந்தி வீட்டு குரூப்புக்கு, அங்கருந்து மலேசியா. அந்த ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறதில்ல. அண்டா சண்டை அன்னிக்கே ஆறிருச்சு, வீடியோ ஆறல. மைக் வச்ச கேமரா நான்தான் சொல்லி வாங்க வச்சேன், அதையும் சொல்லிடறேன்.

இதுல ஹேக்கரே கெடையாது. பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க எல்லாம் உரிமை உள்ளவங்க.

அதனால ஆச்சிக்கு பதில்: எட்டுப் பேருக்கும் தனித்தனி யூசர் போடச் சொல்லுங்க, டிவிஆர்லயே அந்த வசதி இருக்கு. நேரலை மட்டும் எல்லாருக்கும், பழைய பதிவ எடுக்கறது முறைக்காரருக்கு மட்டும். மைக்க அணைச்சுருங்க. அப்படிப் போட்டா யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு லாக்ல பேரோட நிக்கும், எட்டுப் பேரும் அட்மின்னா லாக்ல அட்மின் அட்மின்னு தான் இருக்கும்.

அப்புறம் இன்னொன்னு, குடும்பம் குடும்பமா விவரம் தொகுத்துப் போடற புள்ளி விவரப் புத்தகத்த பிடிஎஃப்பா எல்லா குரூப்லயும் போடாதீங்க. பேரு, கோயில், பொண்டாட்டி புள்ள பேரு, போன் நம்பர், எந்த நாட்டுல இருக்காங்கங்கறது வரைக்கும் வரிசையா அச்சடிச்சு ஏமாத்தறவன் கையில குடுக்கறோம். டிஜிட்டல் அரெஸ்ட்னு வீடியோ கால்ல போலீஸ் உடுப்புல வர்றவனுக்கு உங்க மகன் சிங்கப்பூர்ல இருக்கறது எப்படித் தெரியும்னு கேக்கறீங்கல்ல. சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்டே இல்ல, போன வச்சுட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க.

10 டிசம்பர்

"அண்டா யாரோடது"ன்னு ஏழு பேரு கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரியாது.

14 டிசம்பர்

கேள்வி கேட்டவரோட வீட்டுக்கே இன்னிக்குப் போய் வந்தேன், அவரே கூப்பிட்டாரு. வீட்டைப் பாத்துக்கறவங்கதான் திறந்து விட்டாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, பின்கட்டுல இருக்காங்க. கேமரா வேற கடை போட்டது, யாருன்னு சொல்றது நியாயமில்ல, கீழ வாசிச்சா ஏன்னு புரியும்.

முதல்ல கேமரா திரும்பற மர்மம். வௌவால்.

சத்தியமா. அந்த கேமராவுல ஆட்டோ டிராக்கிங்னு ஒன்னு ஓடிக்கிட்டு இருக்கு, ஏதாவது அசைஞ்சா பின்னாடியே திரும்பும். ராத்திரி வளவு வழியா வௌவால் பூருது, இது அதுக்குப் பின்னாடியே போகுது, அது ஓட்டுச் சந்துல ஏறி மறைஞ்சதும் எங்க பாத்துச்சோ அங்கயே நின்னுருது. திரும்பி எங்க வந்து நிக்கணும்னு ஹோம் பொசிஷன் போட்டிருக்கணும், போடல. பதிவ ஓட்டிப் பாத்தோம், வெள்ளையா ஒரு கோடு மாதிரி போகுது, கேமரா தலைய தூக்கிக்கிட்டே அதத் தேடுது, பாவமா இருந்துச்சு பாக்க. மச்சான்கிட்ட சொல்லிருங்க, சைனாக்காரன் இல்ல, வளவுல தொங்கறவன்தான்.

ஆனா லாக்கையும் பாத்தேன். ராத்திரி பதினொன்னே முக்கால் வாக்குல அட்மின் உள்ள வந்திருக்கு, ரெண்டு மூணு நிமிஷம், வெளிய போயிருச்சு. ஒரு நாள் இல்ல, வாரத்துல நாலு நாள். ஐபி போட்டிருக்கிற எடத்துல 127.0.0.1-னு இருக்கு, ஆப் வழியா வந்தா அந்த டிவிஆர்ல அப்படித்தான் விழும், அத வச்சு யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்காரர் ஆப்ல தனி யூசர்ல இருக்காரு, அண்ணனும் அப்படித்தான். அப்ப அட்மின் யாரு?

டிவிஆரத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி கறுப்பு மார்க்கர்ல பாஸ்வேர்ட் எழுதியிருக்கு. அந்தக் கடையோட போன் நம்பர்.

14 டிசம்பர், ராத்திரி

அந்தக் கடைக்காரருக்கு அடிச்சேன், தெரிஞ்சவருதான், பழகுன மனுஷன். அவரு கடைப்பையன் கேமரா மாட்டுன அன்னிக்கு டெஸ்ட் பண்ண தன் போன்ல சேத்திருக்கான், எடுக்கல. பையன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். அவன்கிட்டயும் பேசுனேன், அழுதுட்டான். ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா ஊர் ஞாபகம் வரும்ணே, சும்மா வளவப் பாப்பேன்ணே, அவ்வளவுதான்ணேங்கறான். நான் நம்பறேன். நீங்க நம்ப வேண்டியதில்ல.

இப்ப என் கதை.

போன வச்சுட்டு என் ஆப்பத் தெறந்தேன். எண்ணுனேன். 43 வீடு. பதினாலு வருஷத்துல நான் மாட்டுனதுல, ஆப் வந்ததுக்கப்புறம் டெஸ்ட்டுக்குன்னு சேத்து எடுக்காம விட்டது. தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கொத்தமங்கலம். பாதிக்கு மேல ஒரே பாஸ்வேர்ட், என் கடை பேரும் ஒரு நம்பரும். சர்வீஸுக்குப் போற எடத்துல தேட வேண்டாம்னு சுலபத்துக்கு வச்சது. அந்தக் கடைக்காரர நான் என்னத்தப் பேச.

பாத்திருக்கேனான்னு கேப்பீங்க. பாத்திருக்கேன். மழை வந்தா பாப்பேன். இங்க மேகம் கட்டிருக்கு, தேவகோட்டையில பெய்யுதான்னு பாக்க நியூஸ் போட மாட்டேன், இதத்தான் தெறப்பேன். கட்டம் கட்டமா வரும், ஒரு கட்டத்துல வளவு காஞ்சு கெடக்கும், அடுத்த கட்டத்துல ஓட்டுக் கூடல்வாய்ல கொட்டிக்கிட்டு இருக்கும், ஆத்தங்குடிக் கல்லு கறுப்பா மினுங்கும். எந்த வீட்டுல எந்த மூலை ஒழுகுதுன்னு எனக்கு மனப்பாடம். ரெண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஓட்டை மாத்துங்கன்னு சொல்லிருக்கேன், நன்றி சொன்னாங்க, எப்படித் தெரியும்னு ரெண்டு பேரும் கேக்கல. அத உதவின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அவங்க கேட்டு நான் பாக்கலையே.

15 டிசம்பர்

நேத்து எழுதுனத அழிச்சிரலாமான்னு காலைல தோணுச்சு. வீட்டுல சொன்னேன். "அழிச்சா மட்டும் 43 வீடும் உங்க போன்லருந்து போயிருமா"ன்னு கேட்டுட்டு தோசை ஊத்தப் போயிட்டாங்க. இருக்கட்டும்.

17 டிசம்பர்

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டவருக்கு. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிக, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு. அதுக்கப்புறம் 2023-ல தனிநபர் தரவுச் சட்டம், அதோட விதி போன மாசம்தான் வந்துச்சு, முக்கியமான பகுதியெல்லாம் பதினெட்டு மாசம் கழிச்சுதான் அமலுக்கு வரும், அதாவது 2027 மே. பாதுகாப்பு சரியா வைக்கலன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்.

பயப்படாதீங்க, வீட்டுக்காரருக்கு இல்ல. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு ஒருத்தர் வச்சுக்கறத அந்தச் சட்டம் தொடாது. ஆனா அதே வீட்டை ஓட்டலா மாத்தி ரூம் வாடகைக்கு விடறீங்களே, அது வீட்டு உபயோகம் ஆகாது. ஷூட்டிங்குக்கு விடறவங்களும் யோசிச்சுக்கங்க. எனக்கும் அந்தச் சலுகை பொருந்தாதுன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன், நான் வீட்டுக்காரன் இல்லையே, கடைக்காரன்.

இந்த வருஷம் ஏப்ரல் 9-லருந்து விக்கிற கேமராவுக்கு அரசாங்கப் பரிசோதனை கட்டாயம். நல்லது. ஆனா எந்தப் பரிசோதனையும் டிவிஆர் பின்னாடி மார்க்கர்ல எழுதறத நிறுத்தாது.

21 டிசம்பர்

இதுவரைக்கும் 43-ல 29 முடிஞ்சுது. முதல்ல என் போன்ல இருந்து எல்லாத்தையும் தூக்கிட்டேன், அது பத்து நிமிஷ வேலை. பாஸ்வேர்ட் மாத்தறதுக்குத்தான் ஒவ்வொரு வீடா போறேன், நேர்ல போய் அவங்களையே தட்டச் சொல்லிட்டு நான் முகப்புல வந்து நிக்கறேன். ஒரு ஐயா சாவிக்கொத்தையே என் கையில குடுக்கறவரு, பாஸ்வேர்ட் அடிக்கும்போது மட்டும் கைய வச்சு மறைக்கறாரு, சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அதுதான சரி. இன்னொருத்தர் கோவப்பட்டாரு: நீ பாக்கறேன்னு தெம்புல தான நிம்மதியா இருந்தோம், இப்ப பாக்க மாட்டேன்னா எப்படி? அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. வேணும்னா எழுதிக் குடுங்க, தனி யூசர் போட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

கடையில ஒரு பழைய முறுக்கு டின்ல பதினோரு ஹார்ட் டிஸ்க் கெடந்துச்சு, மாத்திட்டு எடுத்துட்டு வந்தது. ஃபார்மட் பண்ணா போயிருமேன்னு நெனச்சிருந்தேன், ஒன்ன ஃபார்மட் போட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டுனேன், முப்பது நிமிஷத்துல யாரோ ஒரு பாட்டி வத்தல் காயப்போடறாங்க. பதினொன்னையும் டிரில்லுல ஓட்டை போட்டாச்சு. உள்ள இருக்கிற தட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சா, மக கேட்டா, குடுக்கல.

26 டிசம்பர்

நேத்து நகரத்தார் வீடுகள்ல பிள்ளையார் நோன்பு. வெளியூர்லருந்து எல்லாரும் வந்திருக்காங்க, வேலைக்குப் போன வீட்டுல உக்காரச் சொல்லி அப்பமும் பொரியும் குடுத்தாங்க. புதுத்துணியில பிரிச்ச இருபத்தோரு இழைய ஒன்னாத் திரிச்சு, மாவுப் பிள்ளையார்ல வச்சு, ஏத்துன நெருப்போட முழுங்கறத கிட்டத்துல நின்னு இப்பதான் முதல்ல பாத்தேன். நம்ம கேள்வி பதில் இழையும் நீண்டுக்கிட்டே போகுது, யாரு முழுங்கப்போறான்னு தெரியல.

வௌவால் கேமராவுக்கு ஹோம் பொசிஷன் போட்டாச்சு, டிராக்கிங்க நிறுத்தியாச்சு. வீட்டுக்காரர் வந்திருந்தாரு. மச்சானும் வந்திருந்தாரு. இன்னும் சைனாக்காரன்தான்ங்கறாரு.

3 ஜனவரி 2026

43 முடிஞ்சுது.

ஒன்னு எழுதாம விட்டிருந்தேன். 14-ம் தேதி அந்த வீட்டுக்குப் போனப்பவே, எட்டாவது கேமரா இருட்டா இருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ரெண்டாங்கட்டுக்கு அங்கிட்டுப் போனா, அடுப்படி வாசல்ல மேல ஈரத்துண்டு தொங்குது, கேமரா மேலயே. எடுக்கப் போனேன். வீட்டைப் பாத்துக்கறாங்கன்னு சொன்னேன்ல, அந்த அம்மா ஓடி வந்து, "காயட்டும் தம்பி"ன்னாங்க. கேமராவுல ஸ்பீக்கர் இருக்கு. சிங்கப்பூர்லருந்து காலைல குரல் வருமாம், முகப்பு இன்னும் கூட்டலையா, யாரு அந்த ஆளு, ஏன் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்கன்னு. அவங்க கொண்டையப் போடறதும் சோறு திங்கறதும் அந்த அடுப்படி வாசல்லதான், வேற எடம் இல்ல.

பூட்டுன வீடு பூட்டுன வீடுன்னு இத்தனை நாளா எழுதிக்கிட்டு இருக்கோம். அங்க ரெண்டு பேரு குடியிருக்காங்க.

நேத்து வீட்டுக்காரர் இருக்கும்போதே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. "அண்ணன்கிட்ட கேக்கணுமே"ன்னாரு. அப்புறம் அவரே ஏணியப் பிடிச்சாரு, நான் ஏறி கேமராவ பின்வாசல் பக்கமா திருப்பி வச்சேன், இப்ப கதவு தெரியும், அடுப்படி தெரியாது. ஸ்பீக்கர் வயரையும் கழட்டியாச்சு. அண்ணன் இன்னும் கூப்பிடல.

அந்த அம்மா துண்ட எடுத்து உதறி கொடியில போட்டாங்க. காஞ்சு எவ்வளவு நாளாச்சோ, மொடமொடன்னு இருந்துச்சு.